நான்கு வயதுக் குழந்தைக்கு உடல் பாதுகாப்பை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? (சென்னைப் பெற்றோர் பகுதி)

மடிப்பாக்கம்_அம்மா | செவ்வாய், இரவு 10.40

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வருகிற ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்கு "நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்" வகுப்பு வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பயிற்சியாளர் ஒருவர் வருகிறார். நான்கு வயது முதல் பத்து வயது வரை எல்லோருக்கும் சேர்த்து ஒரே வகுப்பு, ஒரு மணி நேரம். பெற்றோர் உள்ளே வரக் கூடாதாம். முடிந்ததும் சான்றிதழும் பிஸ்கட்டும் உண்டு. என் மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு ஒன்பது. அனுப்பலாமா?

வீட்டில் பேச்சை எடுத்ததுமே என் மாமியார், "பிஞ்சு மனதில் இப்போதே எதற்கு நஞ்சைக் கலக்கிறீர்கள்?" என்று கோபித்துக்கொண்டார். கணவரோ, "வகுப்புக்குத்தான் அனுப்புகிறோமே, நாம் வேறு எதற்குப் பேச வேண்டும்?" என்கிறார். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் மகளிடம் எங்கிருந்து தொடங்குவது என்றும் தெரியவில்லை. தத்துவம் வேண்டாம். நாளைக் காலையில் என்ன செய்யலாம் என்று சொன்னால் போதும்.

பாலர்வகுப்பு_டீச்சர் | செவ்வாய், இரவு 11.25

நான்கு வயதும் பத்து வயதும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து கேட்கும் விஷயமில்லை இது. பெரிய பையன்கள் சிரிப்பார்கள். சின்னக் குழந்தை அந்தச் சிரிப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வரும். நான் எல்கேஜியில் நெடுங்காலமாக இருப்பவள், அதனால் உங்கள் மகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நாளைக் காலை குளிப்பாட்டும்போதே தொடங்கலாம். தலை, கழுத்து, தொப்புள், முழங்கால் என்று சோப்புப் போட்டுக்கொண்டே பெயர் சொல்வோம் அல்லவா? அதே வரிசையில், அதே குரலில், ஜட்டிக்குள் இருக்கும் உறுப்புகளுக்கும் பெயர் சொல்லிவிடுங்கள். உங்கள் வாயில் கூச்சமில்லாமல் வரும் பெயராக, டாக்டருக்கும் டீச்சருக்கும் புரியும் பெயராக இருந்தால் சரி. இன்னொரு நாள் விதியைச் சொல்லுங்கள்: "இந்த இடங்களை யாரும் தொடக் கூடாது, பார்க்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அவர்களுடையதைத் தொடச் சொல்லவும் கூடாது, காட்டவும் கூடாது." குளிப்பாட்டுகிறவர், கழுவிவிடுகிறவர், அம்மா அப்பா பக்கத்தில் இருக்கும்போது பரிசோதிக்கிற டாக்டர், இவர்களுக்கு மட்டும் விலக்கு. அவர்களிடமும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். அடுப்பு சுடும் என்று எந்தக் குரலில் சொல்கிறோமோ அந்தக் குரல் போதும். உங்கள் முகத்தில் பயம் தெரிந்தால் குழந்தை விதியை விட்டுவிட்டுப் பயத்தைப் பிடித்துக்கொள்ளும்.

"கெட்ட தொடுதல்" என்று மட்டும் சொல்லி நிறுத்தும் வகுப்புகளில் எனக்கு மனக்குறை உண்டு. கெட்டது என்றால் வலிக்கும் என்றுதான் நான்கு வயது எடுத்துக்கொள்கிறது. ஊசி போடும் நர்ஸ் கெட்டவர், சாக்லேட் கொடுத்து மடியில் வைத்துக்கொள்பவர் நல்லவர் என்று கணக்காகிவிடுகிறது. தவறான எண்ணத்தோடு வருகிறவன் பெரும்பாலும் வலிக்கும்படி தொடங்குவதில்லை. கிச்சுக்கிச்சு மூட்டுவான், செல்போனில் விளையாட்டுக் காட்டுவான், உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சங்கதி என்பான். முதலில் குழந்தையின் நம்பிக்கையைப் பிடிப்பான், அதற்கும் முன்னால் வீட்டுப் பெரியவர்களின் நம்பிக்கையைப் பிடித்திருப்பான். அதனால் தொட்டபோது எப்படி இருந்தது என்பதைவிட, எந்த இடத்தில் தொட்டார், யாரிடமும் சொல்லாதே என்றாரா என்ற இரண்டும்தான் குழந்தைக்குப் பிடிபடும்.

ரகசியம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குப் பிறந்தநாள் சட்டை வாங்கி ஒளித்து வைத்தால் அது சீக்கிரமே எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதனால் பரவாயில்லை. "அம்மாவிடம் எப்போதுமே சொல்லாதே" என்று யார் சொன்னாலும் அன்றைக்கே அம்மாவிடம் வந்துவிட வேண்டும். இது பலிக்க வேண்டுமானால் வீட்டில் யாரும் "அம்மாவிடம் சொல்லாதே" என்று ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கக் கூடாது. தாத்தாமார்கள் மன்னிக்கவும்.

கடைசியாக, ஒரு கையின் ஐந்து விரலுக்கு ஐந்து பெரியவர்களை அவளையே சொல்லச் சொல்லுங்கள். ஒருவர் கேட்காவிட்டால் அடுத்தவரிடம் சொல்ல வேண்டும். ஒருவராவது உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். அவள் சொல்லும் பட்டியலில் நீங்கள் நினைத்தவர் இல்லையென்றால் ஏன் என்று குடையாதீர்கள். கவனித்துக்கொள்ளுங்கள்.

மாம்பலம்_தாத்தா | புதன், காலை 6.10

மன்னித்தாகிவிட்டது. ஐஸ்கிரீமையும் நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் உங்கள் மாமியாரின் கட்சியில் ஒருவர் பேச வேண்டாமா? நாங்கள் பதினாறு பேர் இருந்த வீட்டில் வளர்ந்தோம். யார் மடியில் உட்கார்ந்தோம், யார் பக்கத்தில் தூங்கினோம் என்று கணக்கு இல்லை. இப்போது பேத்தியை முத்தமிட வேண்டுமானால் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும் போலிருக்கிறது. உலகத்தில் எல்லோரும் திருடர்கள் என்று சொல்லி வளர்த்தால் அந்தக் குழந்தை யாரிடம்தான் ஒட்டும்? அடையாளம் தெரியாதவர்களிடம் ஜாக்கிரதை என்று சொல்லுங்கள், போதும்.

இரண்டுபையன்_அப்பா | புதன், காலை 9.02

தாத்தா, கோபிக்க வேண்டாம். அடையாளம் தெரியாதவனிடம் ஜாக்கிரதை என்பதைத்தான் நம் ஊரில் எல்லாப் பெற்றோரும் சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுக்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் கடுமையான பிரிவுகளில் பதிவாகும் வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர். முகம் தெரியாதவனுக்காகக் கதவைப் பூட்டிக்கொண்டு, முகம் தெரிந்தவனுக்குக் காபி போட்டுக் கொடுக்கிறோம்.

பதினாறு பேர் இருந்த வீட்டில் ஒன்றும் நடக்கவில்லையா, நடந்ததை யாரும் சொல்லவில்லையா என்பது தனிக் கேள்வி. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கேட்டது. 53.22 சதவீதக் குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சந்தித்திருந்தார்கள். பெரும்பாலோர் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு இரண்டும் பையன்கள். "உனக்கென்ன, பெண் குழந்தையா?" என்று கேட்காத உறவினர் இல்லை. அதே ஆய்வில் பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்குச் சற்று மேல் ஆண் பிள்ளைகள். நம் சென்னையிலேயே குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறலைத் தடுக்க வேலை செய்யும் துளிர் அமைப்பு 2,211 பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில் 42 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அதில் பெண் குழந்தைகள் 39 சதவீதம், ஆண் குழந்தைகள் 48 சதவீதம். மடிப்பாக்கம் அம்மா, கேள்வி முழுக்க மகளைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். ஒன்பது வயது மகனிடம் யார் பேசப் போகிறார்கள்? அவன் அப்பாதான் பேச வேண்டும், "வகுப்புக்குத்தான் அனுப்புகிறோமே" என்று சொன்ன அதே அப்பா.

கேமரா_குமார் | புதன், மதியம் 1.15

ஒவ்வொரு மாடியிலும் லிப்டிலும் சிசிடிவி வையுங்கள். எல்லாம் சரியாகிவிடும். எங்கள் குடியிருப்பில் 32 கேமரா இருக்கிறது.

இரண்டுபையன்_அப்பா | புதன், மதியம் 1.31

வைத்துக்கொள்ளுங்கள், நல்லதுதான். அந்த 32இல் வீட்டு வரவேற்பறையை எத்தனை பார்க்கின்றன?

கேமரா_குமார் | புதன், மதியம் 1.33

கிண்டல் வேண்டாம்.

கறுப்புக்கோட்டு | புதன், மாலை 7.48

எழும்பூரிலும் உயர் நீதிமன்ற வளாகத்திலும் அலைகிற வக்கீல் நான். இந்த இழையில் சட்டம் இன்னும் வரவில்லை, அதனால் சுருக்கமாக.

போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடப்பில் இருக்கிறது. 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைகள், ஆண் பெண் பேதமில்லை. உடையின் மேல் தொட்டால் போக்சோவில் பாலியல் தாக்குதல் ஆகாது என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள். அப்படி ஒரு பொருள் கொண்ட மும்பை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் ரத்து செய்துவிட்டது. தொட்டவரின் நோக்கம்தான் முக்கியம்.

பலருக்குத் தெரியாதது 19ஆம் பிரிவு. இப்படி ஒரு குற்றம் நடந்தது என்றோ நடக்கக்கூடும் என்றோ அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். "குடும்ப மானம், நமக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்வோம்" என்று பஞ்சாயத்து செய்யும் பெரியப்பாவுக்கும் இது பொருந்தும், விஷயத்தை அமுக்கும் பள்ளி நிர்வாகத்துக்கும் பொருந்தும். தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காவிட்டால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது.

காவல் நிலையம் என்றதும் எல்லோருக்கும் நடுக்கம். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். கூடியவரை சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது. நடைமுறையில் எல்லாம் ஏட்டில் உள்ளபடி நடக்கிறது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். விசாரணையை இயன்றவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம், அந்த "இயன்றவரை"யில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. ஆனால் இந்த உரிமைகளைத் தெரிந்துகொண்டு கேட்கும் பெற்றோருக்குக் கிடைக்கும் மரியாதை வேறு.

நெறியாளர் | புதன், இரவு 9.05

இதற்கு முன் இருந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறோம். ஒரு பள்ளியின் பெயர், வகுப்பு, தெரு எல்லாம் அதில் இருந்தன. குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் இங்கே எழுத வேண்டாம். போக்சோவின் 23ஆம் பிரிவின்படி அதுவும் குற்றம். அந்த உறுப்பினருக்குத் தனிச்செய்தியில் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐக் கொடுத்திருக்கிறோம்.

வேன்_ஓட்டுபவன் | வியாழன், காலை 10.20

பெரம்பூர், அயனாவரம் பக்கம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறேன். காலை நடை முடிந்து வண்டியிலிருந்து எழுதுகிறேன்.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் முதலில் எங்களைத்தான் பார்க்கிறீர்கள். பார்க்கட்டும், தப்பில்லை. ஆனால் பார்ப்பவர்கள் உருப்படியாகப் பார்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். 2012இல் வந்த தமிழ்நாடு பள்ளிப் பேருந்து விதிகளின்படி பள்ளிப் பேருந்தில் உதவியாளர் இருந்தாக வேண்டும். தனியார் வேனிலும் ஆட்டோவிலும் அப்படி ஓர் ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? "ஒரு அம்மாவை வைத்துக்கொள்கிறேன், மாதம் ஆளுக்கு இருநூறு ரூபாய் கூடுதலாகக் கொடுங்கள்" என்று கேட்டபோது பாதிப் பெற்றோர் வேறு வேனுக்குப் போய்விட்டார்கள்.

என்னுடைய பழக்கங்களைச் சொல்கிறேன், உங்கள் ஓட்டுநரிடம் கேட்டுப் பாருங்கள். எந்தப் பிள்ளையும் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்காராது. கடைசியாக இறங்குவது ஒற்றைப் பிள்ளையாக இருக்கக் கூடாது, கடைசி நிறுத்தத்தில் இரண்டு பேராவது இறங்கும்படி வழியை மாற்றிக்கொள்வேன். சீட் பெல்ட்டைப் பிள்ளைகளே போட்டுக்கொள்ளும். எனக்கு உடம்பு சரியில்லை என்றால் வேறு ஆளை அனுப்ப மாட்டேன், முதல் நாள் இரவே பெற்றோருக்குச் சொல்லிவிடுவேன். "அம்மா அனுப்பினார்கள்" என்று யாராவது வழியில் வந்து பிள்ளையைக் கேட்டால், அந்தப் பிள்ளைக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். ஒரு சின்னவனின் சொல் "பனங்கிழங்கு". அவன் அதை வேனில் எல்லோருக்கும் சொல்லிவிட்டதால் மாற்ற வேண்டியதாயிற்று.

மாம்பலம்_தாத்தா | வியாழன், காலை 11.00

வேன்காரத் தம்பி, நன்றாகச் சொன்னீர்கள்.

எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. குழந்தை எதையாவது தவறாகப் புரிந்துகொண்டு ஒரு நல்ல மனிதரின் பெயரைச் சொல்லிவிட்டால்? அந்த மனிதர் அதற்கப்புறம் தெருவில் நடக்க முடியுமா? இதை யாருமே பேசவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். இவ்வளவு படித்தவர்கள் எழுதுகிறீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்று முதல் பதிவிலேயே இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரிடம் முப்பது குழந்தைகளை விட்டுக் கதவைச் சாத்தி, அவர் அந்தரங்க உறுப்புகளைப் பற்றிப் பேசுவாராம். உங்களில் ஒருவருக்காவது இது உறுத்தியதா? அந்தப் பயிற்சியாளர் யார், எங்கிருந்து வருகிறார் என்று விசாரித்தது யார்?

திருவல்லிக்கேணி_சித்தி | வியாழன், காலை 11.12

தாத்தாவுக்கு ஒரு கும்பிடு.

பாலர்வகுப்பு_டீச்சர் | வியாழன், மாலை 5.30

தாத்தா கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதிலே இல்லை, முழுக்க அவர் பக்கம்தான் நியாயம். நல்ல பயிற்சியாளர் முதலில் பெற்றோரைத்தான் சந்திப்பார். குழந்தைகளிடம் என்ன சொல்லப் போகிறார், எந்தப் படம் காட்டப் போகிறார் என்று பெற்றோரிடம் காட்டிவிட்டுத்தான் தொடங்குவார். வகுப்பு முடிந்த பின் ஏதாவது ஒரு குழந்தை வாயைத் திறந்தால் என்ன செய்வது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உண்மையில் பல குழந்தைகள் அப்போதுதான் சொல்லும். பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே சொல்லும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் பிஸ்கட் கொடுக்க வந்த சங்கச் செயலாளராக இருந்தால், அவருக்கு என்ன பேச வேண்டும் என்று தெரிந்திருக்குமா?

முதல் கேள்விக்கு வருகிறேன். நான்கு வயதுக் குழந்தை தனக்குத் தெரியாத ஒன்றைக் கற்பனை செய்து விவரமாகச் சொல்வது அரிது. பெரியவர்கள் திரும்பத் திரும்ப, "அவர்தானா? இங்கேயா தொட்டார்? இப்படியா?" என்று வாயில் சொல்லைத் திணிக்கும்போதுதான் குழப்பம் வருகிறது. நீங்கள் பயப்படும் அந்தத் தவறு நேராமல் இருக்க வேண்டுமானால் பெரியவர்களுக்குத்தான் கேட்கப் பயிற்சி வேண்டும். "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளப் பழக வேண்டும். எனக்கே அது கடினம், டீச்சர் இல்லையா.

எங்களையும் சந்தேகப்படுங்கள், தப்பில்லை. எல்கேஜியில் கழிப்பறை வேலை எங்களுக்கும் ஆயாவுக்கும் உண்டு. எங்கள் பள்ளியில் கழுவிவிடும்போது வெளிக்கதவு திறந்தே இருக்கும், இன்னொரு பெரியவர் பார்க்கும் தூரத்தில் இருப்பார். இப்படி இருந்தால் குழந்தைக்கும் நல்லது, தவறாகப் பழி விழுமோ என்று பயப்படும் ஆயாவுக்கும் நல்லது. உங்கள் பள்ளியில் எப்படி என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கும் பள்ளியா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மடிப்பாக்கம்_அம்மா | வியாழன், இரவு 10.15

எல்லோருக்கும் நன்றி. தாத்தாவின் பதிவைப் படித்ததும் செயலாளருக்குப் போன் செய்தேன். பயிற்சியாளரை அவருக்கும் நேரில் தெரியாதாம். ஒரு குழுவில் வந்த விளம்பரத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறார். விவரம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

குளியலறைப் பாடம் நல்லபடியாகத் தொடங்கியது. மகள் எல்லாப் பெயரையும் திருப்பிச் சொன்னாள். பிறகு ஹாலுக்கு ஓடிப்போய் மாமியாரிடமும் பால்காரரிடமும் உரக்கச் சொன்னாள். அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

புதிதாக ஒரு கவலை. வைகாசியில் நாத்தனார் மகள் கல்யாணம், குன்றத்தூர் பக்கம் மண்டபம். இரண்டு இரவு. எல்லாக் குழந்தைகளையும் ஒரே அறையில் வரிசையாகப் படுக்க வைப்பது எங்கள் வழக்கம். நான் மட்டும் என் பிள்ளைகளைத் தனியாக வைத்துக்கொண்டால் நூறு கேள்வி வரும்.

திருவல்லிக்கேணி_சித்தி | வெள்ளி, காலை 8.40

மண்டபம் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணம் வந்தாலும் குழந்தைகள் அறை என் பொறுப்பு. நானே கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு. "உனக்கு மேடையில் நிற்க ஆசையில்லையா?" என்பார்கள். எனக்குப் பட்டுப்புடவை கசங்கினாலும் பரவாயில்லை.

மண்டபத்தில் எல்லோரும் உறவு, அதனால் யாருமே குழந்தையைப் பார்ப்பதில்லை. அம்மா நினைக்கிறாள் பாட்டியிடம் இருக்கிறது என்று, பாட்டி நினைக்கிறாள் அத்தையிடம் இருக்கிறது என்று. மாப்பிள்ளை அழைப்பு நேரத்தில் மேளச் சத்தத்தில் குழந்தை கத்தினாலும் கேட்காது. மேல்மாடி அறைகள், சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் உள்ள பாத்திரம் கழுவும் இடம், கார் நிறுத்துமிடம், ஜெனரேட்டர் பக்கம், இவை நான்கும் என் கண்ணில் உறுத்தும். போனதும் முதலில் ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுவேன். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நடப்பேன். "இது வரைக்கும் ஓடலாம், இதற்கு அந்தப் பக்கம் யார் கூப்பிட்டாலும் என்னிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்." யார் கூப்பிட்டாலும் என்பதில் தாய்மாமனும் அடக்கம்.

இரவு அறையில் விளக்கு ஒன்று எரியும், கதவு தாழிடப்படாது, இரண்டு பெண்கள் முறை வைத்துக் கதவோரம் படுப்போம். எட்டு வயதுக்கு மேற்பட்ட பையன்களுக்கு வேறு அறை, அங்கே அவர்களின் அப்பாக்களில் இருவர். பதினாறு, பதினேழு வயதுப் பையன்களைச் சின்னக் குழந்தைகளோடு படுக்க வைக்க மாட்டேன். இதைச் சொன்னால் அந்தப் பையன்களின் அம்மாக்களுக்குக் கோபம் வரும். "என் பையன் தங்கமானவன்" என்பார்கள். தங்கமானவனுக்கு அப்பாக்கள் அறையில் நல்ல பாய் போட்டுத் தருகிறேன், அவ்வளவுதானே! யாரையும் குற்றம் சொல்லிச் செய்வதில்லை. எல்லாக் கல்யாணத்திலும் எல்லோருக்கும் ஒரே ஏற்பாடு என்று வைத்துவிட்டால் நூறு கேள்வி வராது, முதல் கல்யாணத்தில் மட்டும் பத்துக் கேள்வி வரும்.

இன்னொன்று, வருகிற உறவினர் எல்லோருக்கும் முத்தம் கொடு, மடியில் உட்கார் என்று பிள்ளைகளை ஏவாதீர்கள். கும்பிடு போடலாம், கைகொடுக்கலாம், ஓடிப் போய்விடவும் செய்யலாம். "மாமா ஆசையாகக் கூப்பிடுகிறார், முரண்டு பிடிக்கிறாயே" என்று அதட்டிவிட்டு, நாளைக்கு அதே குழந்தை இன்னொருவரிடம் "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும் என்றால் எப்படிச் சொல்லும்? நவராத்திரியில் கொலு பார்க்கப் போகும் வீடுகளிலும் இதே கதைதான்.

மாம்பலம்_தாத்தா | வெள்ளி, காலை 9.15

ஓடிப் போய்விடவும் செய்யலாம் என்பது மட்டும் கொஞ்சம் அதிகம். மற்றபடி நீங்கள் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் வரலாம்.

அரசுமருத்துவமனை_நர்ஸ் | வெள்ளி, இரவு 11.50

இரவுப் பணியில் இருக்கிறேன், இடையில் எழுதுகிறேன். இதுவரை எல்லோரும் நடக்காமல் தடுப்பதைப் பற்றிச் சொன்னீர்கள். குழந்தை வந்து சொல்லிவிட்டால் அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்வது என்று ஒருவராவது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன்.

உட்காருங்கள். நின்றுகொண்டு கேட்காதீர்கள், குழந்தையின் உயரத்துக்கு வாருங்கள். "நீ சொன்னது நல்லதாயிற்று. உன் மேல் தப்பில்லை." இந்த இரண்டையும் சொல்லுங்கள். "ஏன் அப்போதே சொல்லவில்லை?", "நீ எதற்கு அங்கே போனாய்?" என்ற இரண்டையும் எந்தக் காரணத்துக்கும் கேட்காதீர்கள். அழுதுவிடாதீர்கள், அடிக்கப் போகிறேன் என்று எழுந்து ஓடாதீர்கள். அப்பா கத்துவதைப் பார்த்தால், தான் சொன்னதால்தான் இவ்வளவும் என்று குழந்தை வாயை மூடிக்கொள்ளும். மறுநாள் கேட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்றுகூடச் சொல்லும். அதை வைத்துப் பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

குழந்தை சொன்னதைக் குழந்தையின் சொல்லிலேயே எழுதி வையுங்கள். பாட்டி, அத்தை, மாமா என்று வருகிற ஒவ்வொருவரிடமும் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். சமீபத்தில் நடந்தது என்றால் குளிப்பாட்டாமல், உடையைத் துவைக்காமல், அந்த உடையை பிளாஸ்டிக் பையில் போடாமல் காகித உறையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். முதலில் காவல் நிலையம் போய் வழக்குப் பதிந்துவிட்டுத்தான் மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதல் தகவல் அறிக்கை இல்லாமலே பரிசோதனை செய்யலாம், போக்சோவின் 27ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தர வேண்டும். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், குழந்தை நம்பும் ஒருவர் கூடவே இருக்கலாம்.

யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் 1098. எந்த நேரத்திலும் எடுப்பார்கள், குழந்தையே கூப்பிடலாம். பள்ளி சம்பந்தப்பட்டது என்றால் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. ஒன்பது வயதுப் பையனுக்கு இந்த இரண்டு எண்ணும் மனப்பாடமாக இருக்கட்டும்.

சொல்லாத குழந்தைகளும் உண்டு. நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று ஒரு டியூஷனுக்கு மட்டும் வயிற்று வலி என்றால், விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்ப வந்தால், குளிக்கும்போது உடையைக் கழற்ற மறுத்தால், காரணம் வேறாகவும் இருக்கலாம், ஆனால் "சோம்பேறித்தனம்" என்று அடித்து அனுப்பிவிடாதீர்கள். அழைப்பு மணி அடிக்கிறது, போகிறேன்.

கேட்காதகாதின்_அம்மா | சனி, காலை 7.30

என் மகளுக்குச் செவித்திறன் குறைவு. 2018 ஜூலையில் அயனாவரம் பாலியல் வன்கொடுமை வழக்கு வெளியே வந்தபோது நாங்கள் பல இரவு தூங்கவில்லை. அந்த 11 வயதுக் குழந்தைக்கும் செவித்திறன் குறைவு. அவள் வசித்த குடியிருப்பிலேயே காவலாளி, லிப்ட் இயக்குபவர், பிளம்பர் என்று வேலை பார்த்த 17 பேர் கைதானார்கள். மாதக்கணக்கில் நடந்திருக்கிறது. 2020 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அன்றாடம் வணக்கம் சொல்லும் மனிதர்கள். கேமரா குமார் அண்ணா இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன்.

எங்களைப் போன்றவர்களுக்கு வாயால் சொல்லிக்கொடுப்பது மட்டும் போதாது. உடலின் முன்பக்கம், பின்பக்கம் வரைந்த படம் ஒன்றைக் குளியலறைக் கதவில் ஒட்டியிருக்கிறோம். "தொட்டார்", "பிடிக்கவில்லை", "பயமாக இருக்கிறது", "வீட்டுக்குப் போக வேண்டும்" என்பவற்றுக்குச் சைகைகள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் தெரியும். சைகை தெரிந்த பெரியவர் அம்மா ஒருத்திதான் என்றால், அம்மா வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அந்தக் குழந்தை யாரிடம் சொல்லும்?

கேமரா_குமார் | சனி, காலை 9.10

படித்தேன் அம்மா. எங்கள் சங்கத்தில் இன்று பேசுகிறேன்.

மடிப்பாக்கம்_அம்மா | சனி, மதியம் 3.20

இப்போதைய நிலவரம். பயிற்சியாளர் யார் என்ற விவரம் கடைசிவரை வரவில்லை. எட்டுக் குடும்பம் சேர்ந்து கேட்டதால் ஞாயிறு வகுப்பைத் தள்ளி வைத்துவிட்டார்கள். சான்றிதழ் அச்சடித்தாகிவிட்டது, தேதி வேறு போட்டாகிவிட்டது என்று செயலாளருக்கு வருத்தம். அதற்குப் பதிலாக நாளை மாலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் பெற்றோர் கூட்டம். தாத்தா பாட்டிகளும் வரலாம், வாட்ச்மேனும் வீட்டு வேலை செய்யும் அக்காக்களும் வரலாம் என்று நோட்டீசில் நானே சேர்த்துவிட்டேன். அவர்கள் எதற்கு என்று ஒருவர் கேட்டார். பகல் முழுக்க நம் பிள்ளைகள் அவர்கள் கண்ணெதிரில்தான் விளையாடுகிறார்கள் என்றேன்.

கணவர் இன்று காலை மகனோடு சைக்கிளில் ஏரிக்கரைப் பக்கம் போனார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று வாய் துடிக்கிறது.

ஒரே ஒரு சிக்கல். பெரியவர்கள் எல்லோரும் மாடியில் இருந்தால் கீழே பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? குழுவில் மத்தியானத்திலிருந்து அதே சண்டை ஓடுகிறது. பதினேழாவது வயதில் இருக்கும் ஒரு பையன், "நான் பார்த்துக்கொள்கிறேன், ஆன்ட்டி" என்று எழுதினான். யாரும் பதில் போடவில்லை. அவனுக்கு என்ன சொல்வது?

பாலர்வகுப்பு_டீச்சர் | சனி, மதியம் 3.45

நன்றி சொல்லுங்கள், வரச் சொல்லுங்கள். தனியாக இல்லை. அவனோடு இரண்டு பெற்றோர், தரைத்தளத்து ஹாலில், கதவு இரண்டையும் திறந்து வைத்து. அவனிடம் கேரம் பலகையைக் கொடுத்துவிடுங்கள். கீழே இருக்கும் இரண்டு பெற்றோருக்கு அடுத்த வாரம் தனியாகக் கூட்டம் போடலாம்.

திருவல்லிக்கேணி_சித்தி | சனி, மதியம் 3.52

அந்த இரண்டு பேரில் ஒருவர் ஆணாக இருக்கட்டும். எப்போதும் நாங்களே உட்கார முடியாது.